சோலி முடிஞ்சது: ஒரு பச்சைப் பொத்தானின் வரலாறு

நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பவுலிங் மையங்களில் மெக்கானிக்குகளின் கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. பழுது பார்த்து முடித்ததும் அதில் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். சென்னைக் கிளையானாலும் கொச்சிக் கிளையானாலும் பெங்களூர்க் கிளையானாலும் அந்தப் பொத்தானில் தமிழ் எழுத்தில் இரண்டே சொற்கள்: ‘சோலி முடிஞ்சது’. மற்ற பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க இது மட்டும் ஏன் இப்படி என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்கிறார்கள். மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் இதற்கு நான்கு கதைகள் வந்துவிட்டன. செயலியை எழுதியவர் தேனிப் பக்கத்து ஆள் என்பது ஒன்று. ஏதோ சினிமா வசனம் என்பது இன்னொன்று. போடிக் கிளையில் ஒரு மெக்கானிக் இயந்திரத்துக்குள் சிக்கிச் செத்துப்போனார், அவர் நினைவாக வைத்தது என்பது மூன்றாவது. நான்காவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது கதையில் செத்துப்போகிற ஆள் நான்தான். ஓய்வு பெற்று போடியில் இரண்டு வேளை நடை, ஒரு வேளை நூலகம் என்று நலமாக இருக்கிறேன். குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர், “அப்ப நடந்ததை நீங்களே எழுதிருங்கண்ணே” என்றார். எழுதுகிறேன். பதினெட்டு வயது முதல் நாட்குறிப்பு வைத்திருப்பவன் நான். வரலாற்று நூல்களில் ‘ஏறத்தாழ’ என்று வரும் இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு நூலகரிடம் திட்டு வாங்கியவன். ஆகவே, இதில் கிழமைக்கும் நேரத்துக்கும் நான் பொறுப்பு.

படித்தது தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர். போடியில் ஏலக்காய் உலர்த்தும் அறைகளின் விசிறியையும், காயை அளவு வாரியாகப் பிரிக்கும் சல்லடை இயந்திரத்தையும் ஆறு வருடம் பார்த்தேன். சல்லடை ஓடும் சத்தத்தை வைத்து எந்த போல்ட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லப் பழகியது அங்கேதான். பிறகு மதுரையில் ஒரு வணிக வளாகத்தில் பவுலிங் மையம் திறந்தார்கள். கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டுதான் நேர்காணலுக்குப் போனேன். உள்ளே அறுபதடி நீளத்துக்குப் பளபளவென்று மரப் பாதைகள், அதுதான் லேன். கோடியில் பத்துப் பின்கள் நிற்கும். கனத்த பந்தை உருட்டிச் சாய்க்க வேண்டும். சாய்ந்ததை வாரி ஒதுக்கி, திரும்ப நிறுத்தி, பந்தைத் திருப்பி அனுப்பும் இயந்திரம் திரைக்குப் பின்னால் இருக்கும். விளையாட வருகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. எங்கள் முப்பது வருடமும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் கழிந்தது.

அங்கே எங்கள் மேலாளர் எட்வின் சார். பேச்சு குறைவு. காலையில் வந்ததும் ஒவ்வோர் இயந்திரத்தின் விலாவிலும் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார், காய்ச்சல் பார்ப்பது போல. ஓர் இயந்திரத்துக்கு ஒரு நிமிடம். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் யாராவது வணக்கம் சொன்னால் பதில் வராது. கடைசி இயந்திரம் முடிந்ததும் திரும்பி எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

“சார், ஏழாம் லேன் ரெடி” என்று போய் நின்றால் தலையைத் தூக்க மாட்டார்.

“ஒரு பந்து போட்டியா?”

“போடல சார். எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“இருக்குன்னு யாரு சொன்னா? நீ சொல்ற. மிசின் சொல்லுச்சா? போ. ஒரு பந்து போட்டுட்டு வா.”

எவ்வளவு பெரிய வேலையானாலும் கடைசியில் ஒரு பந்து. அது ஓடி, பின்கள் விழுந்து, இயந்திரம் அவற்றை மறுபடி நிறுத்திப் பந்தைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறப்பார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. புரட்டாசி மாதம், காலை பதினொன்றே கால். நான் சேர்ந்து எட்டாவது மாதம். மூன்றாம் லேன் இயந்திரத்துக்குள் எட்வின் சார் தோள்வரை கையை விட்டிருந்தார். நான் சுவிட்சருகே நின்றேன். அவர் ‘போடு’ என்றால் போட வேண்டும், ‘நிறுத்து’ என்றால் நிறுத்த வேண்டும். மற்ற பதினொன்றும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். அப்போது பின்கதவு வழியாக வந்த கேன்டீன்காரர், “சார், டீ போடவா?” என்று கத்தினார். எட்வின் சார் உள்ளே இருந்தபடியே, “சரி, போடு” என்றார்.

என் காதில் விழுந்தது ‘போடு’ மட்டும். போட்டேன்.

பின்களை வாரித் தள்ளும் கட்டை இறங்கியது. துணி கிழியும் சத்தம் கேட்டது. சுவிட்சை அணைத்தேன். எட்வின் சார் மெல்லக் கையை வெளியே எடுத்தார். சட்டைக் கை முழங்கைவரை கிழிந்து தொங்கியது. கைக்கடிகாரத்தின் கண்ணாடி நொறுங்கி, முள் பதினொன்று பதினாறில் நின்றிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“எண்ணு.”

எண்ணினேன். மறுபடி ஒரு முறை எண்ணினேன். “பத்து சார்.”

“டீ வந்துருச்சா பாரு.”

டீ குடித்து முடித்ததும் ஆறு மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு நிறுத்தினார். இனிமேல் திரைக்குப் பின்னால் ‘போடு’ என்ற சொல் கிடையாது, ‘சரி’ கிடையாது, ‘ஓகே’, ‘ரெடி’, ‘ம்’ எதுவும் கிடையாது என்றார். வேறு எதற்கும் பயன்படாத சொல் ஒன்று வேண்டும். என்னைப் பார்த்தார்.

“போடியில வேலை முடிஞ்சா என்னடா சொல்லுவீங்க?”

“‘சோலி முடிஞ்சது’ன்னு சொல்லுவோம் சார்.”

அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “டீக்கு எவனும் இதைச் சொல்ல மாட்டான். இதுதான்.”

அன்றிலிருந்து நடைமுறை இது. உள்ளே போனவர் முழுதாக வெளியே வந்து, தரையில் அடித்த மஞ்சள் கோட்டில் இரண்டு காலையும் வைத்து நின்று, ‘சோலி முடிஞ்சது’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பத்து விரலையும் காட்ட வேண்டும். சுவிட்சருகே நிற்பவர் எண்ணி, ‘பத்து’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு சுவிட்சு. பிறகு ஒரு பந்து. நான் இருந்த காலம்வரை அந்த மையத்தில் ஒரு விரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்வின் சார் ஓய்வு பெற்ற அன்று அந்த உடைந்த கடிகாரத்தை எனக்குக் கொடுத்தார். என் மேசையில் இப்போதும் பதினொன்று பதினாறு.

நடுவில் போன வருடங்களைச் சுருக்கிவிடுகிறேன். தாளில் பென்சிலால் குறித்த புள்ளிகள் தலைக்கு மேல் திரைக்குப் போயின. லேனுக்கு எண்ணெய் பூசும் வேலையை, ஓர் ஆட்டுக்குட்டி அளவு இருந்த வண்டி தானே ஊர்ந்து செய்தது. பதிவு கைபேசிக்கு வந்தது. கடைசியாகக் கயிற்று இயந்திரம் வந்தது. ஒவ்வொரு பின்னின் தலையிலும் ஒரு கயிறு. விழுந்த பின்னைப் பொம்மலாட்டம் போல மேலே இழுத்து, நேராக்கி, இறக்கிவிடும். பழைய இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் பாகங்கள். இதில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மையத்துக்கு ஆறு மெக்கானிக்குகள் இருந்த இடத்தில் இரண்டு பேர் போதும் என்றானது. என் வயதுக்காரர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். கயிற்று இயந்திரம் மனிதர் கையை உள்ளே கேட்பது குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே வந்த அன்றைக்கே அதை மதித்தேன்.

நிறுவனம் சிறிய ஊர்களுக்குக் கிளை உரிமம் கொடுக்கத் தொடங்கியதும் இந்த இயந்திரத்தால்தான். போடிக்கான உரிமத்தை வாங்கியவர் வளர்மதி. சிலமலையில் தோட்டம் உள்ள குடும்பம். பொறியியல் படித்து வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஏலக்காய் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றைப் பிடித்தார். நடுவில் தூண் இல்லாத நீளக் கட்டடம். எட்டு லேன் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவரை மூன்று முறை வெள்ளையடித்தும் ஏலக்காய் வாசம் போகவில்லை. “போக வேணாம்ணே, இருக்கட்டும்” என்றார் வளர்மதி. சொந்த ஊர் என்று நான் மாற்றல் கேட்டு வந்தேன். கூட ஒரு மெக்கானிக், குரங்கணி மாரிச்சாமி. இருபது வருடம் மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டியவர், வாய் சும்மா இருக்காது. மஞ்சள் கோட்டையும் பத்து விரலையும் முதல் நாளே அவருக்குப் பழக்கினேன்.

போடிக்காரர்கள் வருவார்களா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே மலையிலிருந்து நான்கு ஜீப்பு நிறையத் தோட்டத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுக்கிற பெண்களுக்குப் பந்தைக் குனிந்து உருட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பின் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது குப்பி. “எத்தனை குப்பி சாஞ்சது?” என்பதுதான் போடியில் இன்றும் கேள்வி.

இரண்டாம் வருடம் தலைமை அலுவலகம் உரிமக் கிளைகளுக்கு மட்டும் ஒரு கண்காணிப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. மாரிச்சாமி அதற்கு வைத்த பெயர் மாமியா. “எங்க நின்னாலும் பாக்குறா, என்ன செஞ்சாலும் குறை சொல்றா, வேறென்ன பேரு வைக்க?” மெக்கானிக்கின் கையில் எப்போதும் கிரீஸ் இருப்பதால் எழுத வேண்டாம், வேலை முடிந்ததும் கைபேசியிடம் வாயால் சொன்னால் போதும் என்றார்கள். அது பேச்சை எழுத்தாக்கி, எழுத்தை ஆங்கிலமாக்கி, லேனை மூன்று நிறத்தில் ஒன்றில் போடும். பச்சை என்றால் ஓடுகிறது. மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் இயந்திரம் செத்தது. இந்த நிறங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும், எங்களுக்குத் தெரியாது.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. பதிவு என்றால் விடுவேனா? பெரிய பழுது மட்டுமல்ல, கயிற்றின் முடிச்சை இறுக்கினாலும், பந்தைப் பார்க்கும் சென்சாரின் கண்ணாடியைத் துடைத்தாலும் சொல்லிவிடுவேன். “மூணாம் லேன். கயிறு மாத்தியாச்சு. சோலி முடிஞ்சது.” மாரிச்சாமி இரண்டு நாளைக்கு ஒரு முறை, “ரெண்டு ரெடி” என்பார். அவ்வளவுதான்.

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. வளர்மதி காலணிகள் அடுக்கிய மேசையருகே நின்று படித்தார். படித்து முடித்ததும் உட்காரவில்லை. போடிக் கிளையில்தான் நாட்டிலேயே அதிக இயந்திரச் சாவுகள். பராமரிப்பு தரத்துக்குக் கீழே. பதினைந்து நாளில் தகுந்த விளக்கம் வராவிட்டால் உரிமம் ரத்து, பெயர்ப்பலகை இறக்கப்படும். விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறார்.

“நம்ம மிசின் நல்லாத்தானண்ணே ஓடுது?” என்றார். “சிலமலையில அத்தனை பேரும் வேணாம்னு சொன்ன சோலி இது. பதினோரு பேரக் கொண்டாந்து வேலைக்கு வச்சிருக்கேன். பலகைய இறக்குனா யாரு முகத்துல முழிப்பேன்?”

கடிதத்தை வாங்கி நானும் ஒரு முறை படித்தேன்.

அதிகாரி ஞாயிறு காலை பத்து மணிக்கு மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார். விக்ரம் என்று பெயர். சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும், மரியாதையானவர். மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். எட்டு லேன், மூன்று மாதம், எழுபத்தொரு சிவப்புப் புள்ளி.

“எட்டு மிசின் எழுபத்தோரு தடவ எப்படித் தம்பி சாகும்?” என்றார் மாரிச்சாமி. “பூனைக்குக்கூட அத்தனை உசுரு கெடையாது.”

விக்ரம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாச் சிவப்பும் நீங்க டூட்டியில இருக்கற நாள்தான். ஐப்பசி பொறந்ததும் நாலு நாள் லீவுல போயிருக்கீங்க. அந்த நாலு நாளும் ஒரு சாவுகூட இல்ல.”

என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த நாட்கள் அவை. நாட்குறிப்பைப் பார்க்காமலே தெரியும்.

“அப்ப எங்க அண்ணன் எமனா அப்பு?” என்று மாரிச்சாமி கேட்டுவிட்டுத் தானே வாயை மூடிக்கொண்டார். ஏனென்றால் விக்ரம் மறுக்கவில்லை.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. இத்தனை வருடம் இயந்திரத்தோடு இருந்தவனிடம், நீதான் அவற்றைக் கெடுக்கிறாய் என்று ஒரு படம் சொல்கிறது. கோபம்கூட வரவில்லை. ‘அந்தப் பட்டியலை எனக்குக் காட்ட முடியுமா?’ என்று மட்டும் கேட்டேன். விக்ரம் அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். அதையும் என் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு காலணி மேசையில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எழுபத்தொன்றும் என் பதிவில் இருந்தன. கிழமை சரி, நேரம் சரி. ஆனால் ஒரு புதன்கிழமை, எட்டாம் லேன், காலை பத்து இருபது: என் நாட்குறிப்பில் ‘கண்ணாடி துடைத்தது’. பட்டியலில் சிவப்பு. அடுத்த வியாழன், மூன்றாம் லேன்: ‘கயிறு ஒன்று மாற்றியது, நான்கு நிமிடம்’. பட்டியலில் சிவப்பு. பிறகு, நான் லீவில் இருந்தபோது மாரிச்சாமி கியர் பெட்டியையே கழற்றி மாட்டிய இரண்டாம் லேன். அரை நாள் படுத்துக்கிடந்தது. பட்டியலில் பச்சை.

துடைத்த கண்ணாடி சாவு. நொறுங்கிய கியர் பெட்டி சுகம். அப்படியானால் மாமியா பார்ப்பது இயந்திரத்தை அல்ல. வேறெதையோ பார்க்கிறாள், அல்லது கேட்கிறாள்.

எட்வின் சார் இருந்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் சொல்வது ஒன்றுதான். யோசித்தது போதும், ஒரு பந்து போட்டுப் பார்.

எழுந்து விக்ரமிடம் போனேன். மலையிலிருந்து வந்த ராசாத்தியும் கூட்டாளிப் பெண்களும் எட்டாம் லேனில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, எட்டாம் லேன் எப்படி ஓடுது?”

“நல்லா ஓடுது சார்.”

“நான் அதைத் தொடலை. இங்கேருந்து நகரவும் மாட்டேன். நீங்க உங்க கம்ப்யூட்டரை மட்டும் பாருங்க.” கைபேசியை வாயருகே கொண்டுபோனேன். “எட்டாம் லேன். சோலி முடிஞ்சது.”

நான்கு மூச்சு விடும் நேரம். மடிக்கணினியில் எட்டாம் கட்டம் சிவப்பானது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், ‘எட்டாம் லேனின் கதை முடிந்துவிட்டது’. அதே நொடியில் எட்டாம் லேனில் குப்பிகள் தடதடவென்று விழுந்தன.

பிறகு விக்ரம் தன் கைபேசியை எடுத்து, “எட்டாம் லேன் ரெடி” என்றார். பச்சை. “எட்டாம் லேன் சோலி முடிஞ்சது” என்றார். சிவப்பு.

“ஐயோ” என்றார் விக்ரம்.

“என்னப்பு, எங்க லேனப் பத்தி என்னமோ பேசுறீக?” என்று ராசாத்தி அங்கிருந்தே கேட்டார்.

“உங்க லேனு செத்துப்போச்சாம் ஆத்தா!” என்றார் மாரிச்சாமி.

“செத்துப்போச்சா? இப்பத்தான ஒம்போது குப்பியச் சாச்சேன்! ஒண்ணு நிக்குது. இருங்க, அதையும் அனுப்பிட்டு வந்து எழவு கேக்குறேன்.”

வளர்மதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒன்று முதல் ஏழு வரை கைபேசியில் அவரே சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கட்டமும் சிவந்தன. எட்டு லேனிலும் பந்து ஓடிக்கொண்டிருந்தது.

“மாமியாளுக்குத் தமிழ் தெரியாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் மாரிச்சாமி.

“தெரியும்ணே” என்றார் வளர்மதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சினிமால வில்லன் பேசுற தமிழ் மட்டும் தெரியும்.”

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். விக்ரம் மடிக்கணினியை மூடிக்கொண்டே, “ரொம்ப சிம்பிள் சார். இனிமே எல்லாரும் ‘ரெடி’ன்னு சொல்லிடுங்க. இன்னைக்கே நான் கேஸை மூடிடறேன்” என்றார். வளர்மதி மூச்சை விட்டார்.

நான், “அது முடியாது தம்பி” என்றேன்.

வளர்மதி என் பக்கம் திரும்பினார். “அண்ணே, ஒரு வார்த்தைதானண்ணே. சொல்லிட்டுப் போயிருவமே.”

அவர் கேட்டது நியாயம். பலகை இறங்குவதும் இறங்காததும் அந்த நிமிடம் அந்த ஒரு சொல்லில் நின்றது. அதை மாற்றச் சம்மதித்தால் எல்லாம் முடிந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு சொல், கைபேசிக்கு ஒரு சொல் என்று இரண்டாக வைத்தால், ஒரு நாள் அவசரத்தில் வாய் மாறும். ‘ரெடியா?’ என்று இங்கே நூறு பேர் நூறு விஷயத்துக்குக் கேட்கிறார்கள்.

“உள்ள கை வச்சிருக்கிறவன் அந்த வார்த்தைய நம்பித்தான் தாயி வச்சிருக்கான். தப்பாப் புரிஞ்சுக்கிட்டது மாமியா. அவ திருத்திக்கட்டும்” என்றேன்.

விக்ரமைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனேன். ஐந்தாம் லேனை நிறுத்தி, அவர் கையையே உள்ளே விடச் சொன்னேன். மாரிச்சாமி சுவிட்சருகே நின்றார். விக்ரமின் கை கயிறுகளுக்கு நடுவே இருக்கும்போது எட்வின் சாரின் கதையைச் சொன்னேன். டீ, ‘போடு’, கிழிந்த சட்டை, நின்றுபோன கடிகாரம். கதை முடியும்வரை கையை எடுக்க விடவில்லை. ‘போடு’ என்ற இடம் வந்தபோது அவர் தலை தானாக மாரிச்சாமி பக்கம் திரும்பியது. மாரிச்சாமி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

பிறகு விக்ரம் வெளியே வந்தார். சொல்லாமலே மஞ்சள் கோட்டில் நின்றார். “சோலி முடிஞ்சது” என்றார், மெட்ராஸ் வாயில் கொஞ்சம் தடுமாறி. விரல்களை விரித்தார். மாரிச்சாமி எண்ணி, “பத்து” என்றார்.

“எனக்கு ஒரு வாரம் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு விக்ரம் கிளம்பினார். போகுமுன் ஒரு பந்தும் போட்டார். பந்து லேனின் ஓரக் குழியில் விழுந்தது. அதையும் குறித்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க வளர்மதி என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. கோபம் இல்லை, பயம். நானும் எல்லா வேலைக்கும் ‘சோலி முடிஞ்சது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சாவு எண்ணிக்கை எண்பத்து மூன்றானது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணாடி துடைத்ததையெல்லாம் பதிவு செய்தது என் வியாதி. அது இல்லாவிட்டால் நாங்கள் முதலிடத்துக்கு வந்திருக்க மாட்டோம். அது இல்லாவிட்டால் பிழையைக் கண்டுபிடித்திருக்கவும் மாட்டோம்.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு வளர்மதியின் கைபேசி அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒலிபெருக்கியில் போட்டார். விக்ரம் பேசினார். கடிதம் ரத்து. பலகை இருக்கும். பழைய பதிவுகளை மறுபடி கணக்கிட்டதில், போடிக் கிளையின் இயந்திரங்கள்தான் மிகக் குறைவாகப் பழுதாகியிருக்கின்றன. எழுபத்தொன்றும் பச்சை. பிறகு சொன்னார்: “மென்பொருள்ல பேச்சை எடுத்துட்டோம் சார். எந்த மொழியிலயும் இந்தக் குழப்பம் வரும். அதுக்குப் பதிலா ஒரு பொத்தான். மெக்கானிக் வெளிய வந்து அதை அழுத்தற வரைக்கும் முன்மேசையிலேருந்து யாரும் லேனை ஓட்ட முடியாது, பூட்டிக்கும். எல்லாக் கிளைக்கும் இதேதான். பொத்தான்ல என்ன எழுதறதுன்னு மீட்டிங்ல கேட்டாங்க. நான் சொன்னேன்.”

மாரிச்சாமி ஜீப்பு ஆரன் போல ஒரு சத்தம் கொடுத்தார். வளர்மதி என்னைப் பார்த்து, “அண்ணே” என்றார். அந்த ஞாயிறு மலையிலிருந்து வந்த ஜீப்பு அத்தனைக்கும் ஓர் ஆட்டம் இலவசம் என்று வாசலில் எழுதி வைத்தார். ராசாத்தி அன்று பத்துக் குப்பியையும் இரண்டு முறை சாய்த்தார்.

ஏழு மாதம் கழித்து ஓய்வு பெற்றேன். வரலாறு இவ்வளவுதான். குழுவில் உலவும் மற்ற கதைகளை இனி யாரும் பகிர வேண்டாம்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். போன தை மாதம், ஒரு புதன்கிழமை, மகனைப் பார்க்கப் பெங்களூர் போனவன், அங்கே புதிதாகத் திறந்த கிளைக்கும் போனேன். இருபது லேன். நான் யாரென்று சொல்லவில்லை. பின்பக்கத்தைப் பார்க்க ஒரு கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண் மெக்கானிக் பதினோராம் லேன் இயந்திரத்துக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தார். முன்மேசையில் இருந்தவர் எட்டிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அதில் ‘டீ’ மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் உள்ளே இருந்தபடியே, “சரி, சரி” என்றார். கன்னடத்திலும் அது ‘சரி’தான்.

என் கால் அங்கேயே ஊன்றிக்கொண்டது. மேசைக்காரர் டீ சொல்லப் போய்விட்டார். பதினோராம் லேன் இருட்டாக, அசையாமல் இருந்தது.

அந்தப் பெண் வெளியே வந்தார். மஞ்சள் கோட்டில் நின்றார். தமிழ் தெரியாதவர் என்பது உச்சரிப்பிலேயே தெரிந்தது. ஆனால் உரக்கச் சொன்னார்: “சோலி முடிஞ்ஜது!” விரல்களை விரித்தார். எண்ண எதிரே யாரும் இல்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் இருந்தேன்.

“பத்து” என்றேன், சத்தமாக.

அவர் என்னைப் பார்த்தார். யார் இந்தப் பெரியவர் என்று நினைத்திருப்பார். சிரித்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பதினோராம் லேனில் விளக்கு எரிந்தது, பத்துக் குப்பிகளும் கயிற்றில் இறங்கி வந்து நின்றன. கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பந்தை என் பக்கம் நீட்டி, லேனைக் காட்டினார்.

போட்டேன். எட்டு விழுந்தது. நாட்குறிப்பில் எட்டு என்றே எழுதியிருக்கிறேன்.